சட்டென்று வந்த இருமல்

மழைக்காலம் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்துதான் இருமுவது என்று பேசி வைத்துக்கொண்டதுபோல் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். டாக்டர் அறைக்கு வெளியே இருக்கிற முதல் மேசை என்னுடையது. வருகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவேன். மூக்கு விடைக்கிறதா, விலாவுக்குக் கீழே உள்ளே இழுக்கிறதா, உதட்டின் நிறம் என்ன, பால் குடிக்கிறதா, அம்மா முகத்தைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன். யார் காத்திருக்கலாம், யார் வரிசையை விட்டு நேராக உள்ளே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவேன். பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. என்னோடு மாற்றி மாற்றி உட்காருகிறவள் அதே இருமல் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவள் பங்கும் என் தலையில்தான். தொண்டை கட்டி, “அடுத்து” என்ற ஒரு சொல்லை மட்டும் எப்படியோ வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எனக்கும் பதினோரு மாதத்தில் ஒருத்தி இருந்தாள். பிறந்தபோதே கன்னமும் கையும் அப்படி இருந்ததால் உருண்டை என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. நான் வேலைக்குப் போனால் அவர்தான் பார்த்துக்கொள்வார். துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் ஒரு பாயை விரித்து, இரண்டு பக்கமும் பலகையை நிறுத்தி வைத்திருந்தார். அதற்குள் அவள் பாட்டுக்குத் தவழ்ந்துகொண்டிருப்பாள். ஒரு காலால் மெஷினை மிதித்தபடி இன்னொரு காலால் அவளுக்குப் பந்தை உருட்டிவிடுவார்.

நல்ல தகப்பன். ஆனால் பயந்தாங்கொள்ளி. பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் போன் செய்வார். கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் போன். தூங்காவிட்டாலும் போன். ஒரு தடவை, “இன்னிக்கு இவ இடது கையால எடுக்கறா” என்று போன் செய்தார். சிஸ்டர்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். பாக்கெட்டில் போன் நடுங்கியது. எடுக்கவில்லை. மறுபடியும் நடுங்கியது. மூன்றாவது தடவை எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். எண்ணிக்கொண்டிருந்த மூச்சுக் கணக்கு விட்டுப்போயிற்று.

“என்னங்க, கூட்டம் நிறைய இருக்கு.”

“உருண்டை திடீர்னு இருமிட்டா. மூஞ்சி செவந்துபோச்சு. இப்ப நின்னுடுச்சு. ஆனா மூச்சு விடறப்ப விசில் மாதிரி ஏதோ கேக்குது.”

“நேத்தே மூக்கு ஒழுகிட்டுத்தானே இருந்தா?”

“அது வேற. இப்ப நல்லா வெளாடிட்டு இருந்தா. சட்டுனு…”

“எல்லாப் பிள்ளைக்கும் இப்ப இதான். நெஞ்சு உள்ள இழுக்குதா?”

“இல்லைன்னுதான் நெனைக்கறேன்.”

“அப்புறம் என்ன? நிமிர்த்தி வச்சுக்குங்க. பால் குடிச்சாப் போதும். சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

“இல்ல, ஒண்ணு சொல்லணும்…”

“ஏங்க, எம் முன்னாடி நூறு பேர் நிக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க!”

வைத்துவிட்டேன். என் குரலைக் கேட்டு எதிரே இருந்த பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

வேறு ஒரு தகப்பன் என் மேசைக்கு முன்னால் நின்று, “நல்லா வெளாடிட்டு இருந்தா, சட்டுனு இருமினா” என்று சொல்லியிருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். சளி மெல்ல மெல்லத்தான் நெஞ்சில் இறங்கும். விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு ஒரே நொடியில் இருமல் வந்தால், அது எதையாவது வாயில் போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது என் வீட்டுக்காரரின் வழக்கமான பயம் மட்டும்தான்.

பன்னிரண்டரைக்கு வரிசையில் ஒரு ஆளின் கழுத்தில் அளவு டேப் தொங்குவது தெரிந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அவர்தான். தோளில் பிள்ளை. கையில் டோக்கன். அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நர்ஸ் புருஷன் என்று சொல்லிக்கொண்டு முன்னால் வரக் கூடாது என்று கல்யாணமான புதிதில் நான்தான் சொல்லியிருந்தேன். சொன்னபடியே நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

“எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க? இங்க இருக்கற காய்ச்சல் எல்லாம் அவளுக்கும் ஒட்டிக்கவா?”

“நான் உங்கிட்ட வரல” என்றார். “டாக்டர்கிட்ட காட்ட வந்திருக்கேன்.”

அவர் முறை வந்தது. உருண்டை என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள். சட்டையைத் தூக்கினேன். நிமிடத்துக்கு ஐம்பத்துநாலு மூச்சு. வேகம்தான். கால் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றைந்து காட்டியது. நீலம் இல்லை. மூச்சு விடும்போது மெல்லிய விசில் கேட்டது. காலையிலிருந்து அந்த விசிலை முப்பது நெஞ்சில் கேட்டிருந்தேன். முப்பத்தோராவதாக என் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனேன்.

உள்ளே இருந்தவர் சின்ன டாக்டர். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கண்ணும் என் கண்ணைப் போலத் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தது. ஸ்டெதாஸ்கோப் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

“இழுப்பு இருக்கு சிஸ்டர். நெபுலைசர் வச்சுப் பாக்கலாம்.”

என் வீட்டுக்காரர் விடவில்லை. “மேடம், இவ நல்லா வெளாடிட்டு இருந்தா. சட்டுனுதான் வந்துச்சு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், “நேத்திலேர்ந்து மூக்கு ஒழுகுது மேடம்” என்றேன். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக என் வீட்டுக்காரர் வாயை அடைத்தேன்.

நெபுலைசர் மூலையில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தன. நாலாவதாக இவளையும் உட்கார வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். கால் மணி நேரம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளை தோளில் இருந்தாள்.

“மருந்து முடிஞ்சுது. ஒண்ணும் மாறல.”

“கொஞ்ச நேரம் ஆகும்.”

“முதுகுல காத வச்சுக் கேட்டேன். இடது பக்கம் காத்து போய் வர்றது கேக்குது. வலது பக்கம் ஒண்ணுமே கேக்கல, விசில் மட்டும்தான். நீ ஒரு தடவை வந்து கேளு. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல.”

தையல் மெஷினில் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர் அவர். ஆனால் அதை நினைத்து நான் எழுந்திருக்கவில்லை. இவரை அனுப்பினால் போதும் என்றுதான் எழுந்தேன். குழாயை எடுத்து முதுகில் வைத்தேன். இடது பக்கம் காற்று நன்றாக இறங்கியது. வலது பக்கம் வைத்தேன். மேலே, கீழே, திரும்ப மேலே. கதவைச் சாத்திய அறைபோல் இருந்தது. கதவு இடுக்கில் மட்டும் ஒரு சின்ன விசில்.

“காலையில என்ன தச்சுட்டு இருந்தீங்க?”

“வெள்ளை கவுன் ஒண்ணு. கழுத்துல முத்து வச்சுட்டு இருந்தேன்.”

“பிளாஸ்டிக் முத்தா?”

“ஆமா. டப்பா ஒரு தடவை கவுந்துடுச்சு. எல்லாத்தையும் கூட்டி எடுத்துட்டேன்.”

“எண்ணிப் பாத்தீங்களா?”

“முத்தை யாரு எண்ணுவா…” என்றவர் அப்படியே நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது தூக்கம் எல்லாம் போயிருந்தது. “பிளாஸ்டிக் படத்துல தெரியாது. ஆனா ஒரு பக்கம் காத்து மாட்டிக்கிட்டு இருந்தா அது தெரியும். எக்ஸ்ரே எடுத்துடலாம் சிஸ்டர். நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். வாயில எதுவும் கொடுக்காதீங்க, தண்ணிகூட.”

எக்ஸ்ரே அறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. பாதி தூரம்கூடப் போகவில்லை. அப்பா தோளில் இருந்தபடியே உருண்டை இருமினாள். இரண்டு, மூன்று. நாலாவது இருமல் பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. அழுவதற்கான முகம் இருக்கிறது, அழுகை இல்லை. கை இரண்டும் காற்றைப் பிடிக்கிற மாதிரி விரிந்து மூடின. உதட்டைச் சுற்றி நீலம் படர்வதைப் பார்த்தேன்.

பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, “வாயில விரல விடு! விரல விட்டு எடு!” என்று கத்தினாள். அவர் விரல் பிள்ளையின் வாய்க்குப் போய்விட்டது. அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டேன்.

“விடாதீங்க! கண்ணுக்குத் தெரியாததத் தொட்டா இன்னும் உள்ள போயிடும். எங்கிட்ட குடுங்க!”

பிடுங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முன்கையில் அவளைக் குப்புறப் போட்டேன். தொண்டையில் கை படாமல் தாடையைப் பிடித்து, தலை உடம்பைவிடத் தாழ இருக்கும்படி கையைத் தொடைமேல் சாய்த்தேன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தட்டினேன். தட்டினேன் என்று சொல்வது சும்மா. அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. திருப்பிப் போட்டேன். நெஞ்சின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினேன். ஐந்து தடவை. வாயைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி குப்புற.

பத்தொன்பது வருஷமாக இதைப் பொம்மையில் செய்து காட்டியிருக்கிறேன். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை நிஜமாகவே செய்திருக்கிறேன். இவள் முதுகு என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. மூன்றாவது அடியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூச்சு. அதற்குப் பின்னாலேயே அழுகை. வராந்தா முழுக்கக் கேட்கிற அழுகை.

நான் நிறுத்தினேன். வாயிலும் தரையிலும் தேடினேன். முத்து வெளியே வந்திருக்கவில்லை. மேலே வந்து அடைத்தது திரும்பக் கீழே போயிருக்கிறது என்று புரிந்தது.

“இன்னும் ரெண்டு அடி அடி, வந்துடும்” என்றாள் அந்தப் பெண்.

“இப்ப மூச்சு விடறா. விடறப்ப அடிக்கக் கூடாதுங்க.”

டாக்டர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தானே தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். “படுக்க வைக்காதீங்க. அப்பா மடியில நிமிந்து உக்காரட்டும். அவளா எப்படி இருக்காளோ அப்படியே விடுங்க.” மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தோம். எக்ஸ்ரே எடுக்க நேரம் போக்க வேண்டாம் என்று ஆம்புலன்ஸ் வண்டியை வரச் சொன்னார். எங்கள் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் தன் முட்டி வலியோடு நொண்டி நொண்டி வந்து என் மேசையில் உட்கார்ந்தார். “நீ போ. இதை நான் பாத்துக்கறேன்” என்று சொன்னவர், என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, “அடுத்து” என்று கூப்பிட்டார்.

வண்டியில் நாற்பது நிமிடம். என் வீட்டுக்காரர் மடியில் பிள்ளை. எதிரே நான். மூச்சு நின்றால் அழுத்துகிற பையும் சின்ன மாஸ்க்கும் என் மடியில். பக்கத்தில் சின்ன டாக்டர். பிள்ளையின் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது மூன்று பேரும் பிள்ளையின் உதட்டைத்தான் பார்த்தோம். அவள் சோர்ந்துபோய் அப்பா கழுத்தில் இருந்த டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் விளக்கும் கேமராவும் உள்ள குழாயை விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம். கதவு மூடியது.

வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தோம்.

“நீங்க போன் பண்ணினப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றேன்.

“ஆமா” என்றார்.

பரவாயில்லை, உனக்கும் அலுப்பு என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன் போல. சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினார்.

“டப்பா கவுந்தத அப்பவே போன்ல சொல்ல வந்தேன். நீ வச்சுட்டே. அப்புறம் அங்க வரிசையில நின்னப்ப சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா அத்தன பேர் முன்னாடி நீ கத்துவேன்னு தோணுச்சு.”

“நான் கத்துவேன்னு பிள்ள உயிரயே விட்டுடுவீங்களா?”

“அப்படி நெனைக்கல. முத்து எல்லாத்தையும் எடுத்துட்டேன்னுதான் நம்பினேன். நம்பணும்னு இருந்துச்சு. நீ மூணு வாரமா வீட்டுக்கு வந்தாலே எதச் சொன்னாலும் எரிஞ்சு விழறே. எங்க சொல்லலாம், எப்ப சொல்லலாம்னு பாத்துப் பாத்து, சொல்றதே பழக்கம் விட்டுப்போச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொன்னதற்குக்கூட நான் பாத்திரத்தை ஓங்கி வைத்திருந்தேன்.

“எனக்கு ரொம்ப முடியலங்க” என்றேன்.

“தெரியும். அதையும் நீ சொன்னதில்ல.”

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கதவு திறந்தது. வயதான டாக்டர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“எடுத்தாச்சு. வலது பக்கக் குழாயில இருந்துச்சு. முத்துக்கு நடுவுல ஓட்டை இருந்ததால கொஞ்சம் காத்து போய்க்கிட்டு இருந்திருக்கு. கொஞ்சம் வீக்கம் இருக்கு, ரெண்டு மூணு நாள் இங்கேயே வச்சுப் பாக்கணும்.” எங்கள் இருவரையும் பார்த்தார். “சட்டுனு வந்துச்சுன்னு விடாம சொன்னது யாரு?”

நான் அவரைக் காட்டினேன்.

“நல்லது பண்ணினீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். நான் அவர் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளெல்லாம் உருண்டைக்குத் தொண்டை கம்மியிருந்தது. என்னைப் போலவே கரகரவென்று கத்தினாள். நான் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷின் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாலும் நானும் எண்ணினேன். நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தாறு. மத்தியானம் பெரிய சிஸ்டர் போனில் கூப்பிட்டு இரண்டு நாள் லீவு எழுதிவிட்டதாகச் சொன்னார். “ரெண்டு போதாது, ஒரு வாரம் வேணும்” என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. “சரி, எடுத்துக்கோ. எப்படியோ சமாளிக்கறோம்” என்றார். அந்த எப்படியோவில் அவர் முட்டி வலியும் இருந்தது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கட்டில் கம்பியில் நெற்றியை வைத்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. என் முதுகில் யாரோ போர்வை போட்டிருந்தார்கள். அந்த வார்டின் நர்ஸ், என்னைவிடச் சின்னப் பெண், மருந்து டிரேயோடு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“நீங்களும் நர்ஸா அக்கா?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. உக்காந்துக்கிட்டே, செருப்பக் கழட்டாமத் தூங்கினீங்க.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு” என்றார். “நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன்.